பழைய பிளேஸ்டேசனில் இருந்து ஒரு நல்ல சீடி பிளேயர்

சோனி நிறுவனம் 1994 டிசம்பரில் யப்பானிலும் 1995 செப்டெம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியிட்ட முதல் பிளேஸ்டேசன், விளையாட்டுப் பெட்டி என்றே விற்கப்பட்டது. அதற்குள் ஒரு முழுமையான சீடி பிளேயரும் இருக்கிறது. பாட்டு சீடியைப் போட்டால் பாடும். 2008இல் ஸ்டீரியோஃபைல் என்ற அமெரிக்க ஒலி இதழே இந்தப் பெட்டியை சீடி பிளேயராக எடுத்து ஆராய்ந்து எழுதியது. அதற்கு முன்னரே பல நாடுகளில் பொழுதுபோக்காக ஒலிக்கருவி திருத்துபவர்கள் இதைத் திறந்து மேம்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

வன்னியில் இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்தவை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அலுமாரிக்கு மேல் கிடக்கும். அதே வீட்டில் கோயில் பாட்டு, பழைய படப்பாட்டு, கலியாண வீட்டுப் பதிவு என்று சீடிகளும் ஒரு பெட்டி நிறைய இருக்கும். அவற்றைப் போட நல்ல பிளேயர் இராது. இந்த அத்தியாயம் இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதற்கானது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைத் தொடங்குகிற பலர் நேரே சத்தம் வருகிற இடத்துக்குப் போய், விலைகூடிய கப்பாசிற்றர் வாங்கிப் பூட்டுகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் கரண்ட், அடுத்து லேசர் தலை, அதற்குப் பிறகுதான் சத்தம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பற்றரி வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோவும் கசெற்றும் கேட்ட ஊர் இது. மிதிப்பவர் களைத்தால் பாட்டு இழுபடும். கரண்ட் சரியில்லாமல் பாட்டுச் சரிவராது என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

எந்தப் பெட்டி உங்களிடம் இருக்கிறது?

பெட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசியுங்கள். எஸ்.சி.பி.எச். என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும்.

எண் 1000, 1001, 1002 என்றால் அது முதல் தலைமுறைச் சாம்பல் நிறப் பெட்டி. பின்பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆர்.சி.ஏ. துளைகள் வரிசையாக இருக்கும். அம்பிளிபயருக்கு நேரே வயர் கொழுவலாம். இந்த வேலைக்கு மிகவும் தேடப்படுவது இதுதான்.

பிந்திய சாம்பல் பெட்டிகளில் அந்த வட்டத் துளைகளை எடுத்துவிட்டார்கள். பல ஊசி கொண்ட ஒரே ஏ.வி. துளைதான் இருக்கும். அதற்குரிய வயரின் வெள்ளை, சிவப்பு முனைகளில் சத்தம் வரும். இதையும் பாவிக்கலாம்.

2000இல் வந்த சிறிய வெள்ளைப் பெட்டியின் பெயர் பிஎஸ் வன். இதற்குக் கரண்ட் வெளியே உள்ள அடப்ரரில் இருந்து 7.5 வோல்ற் நேரோட்டமாக வருகிறது. சூரிய மின்தகடும் 12 வோல்ற் பற்றரியும் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. முள்ளியவளையிலோ மல்லாவியிலோ தோட்டத்து வீட்டில் இருந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் தெரிவு செய்வேன்.

சேர்த்து வைக்க வேண்டிய சாமான்

நட்சத்திர வாய் திருப்புளி, டிஜிற்றல் மல்ரிமீற்றர், 25 அல்லது 30 வாற் சோல்டறிங் அயன், மெல்லிய ஈயம், ஈயம் உறிஞ்சும் பம், 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோல், காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, பிளாஸ்ரிக்கைக் கெடுக்காத வெள்ளைக் கிறீஸ், மென்மையான தூரிகை. நேரடி வெளியீட்டு வேலை செய்வதென்றால் கூடுதலாக 2.2 மைக்ரோ பரட் பிலிம் கப்பாசிற்றர் இரண்டு, 100 கிலோ ஓம் றெசிஸ்ரர் இரண்டு, 220 ஓம் றெசிஸ்ரர் இரண்டு, கவசமிட்ட மெல்லிய ஓடியோ வயர் ஒரு மீற்றர்.

வாகன வயர் ஒட்டும் 60 வாற் அயனை இதற்குக் கொண்டுவர வேண்டாம். போட்டில் உள்ள செப்புக் கோடு சூட்டில் உரிந்து வந்துவிடும்.

தொடங்குமுன் மூன்று ஆபத்துகள்

சாம்பல் நிறப் பெட்டியில், மின்வயர் கொழுவும் இடத்துக்கு உட்பக்கம் ஒரு தனிப் போட் இருக்கிறது. அதுதான் பவர் போட். 230 வோல்ற் கரண்ட் அங்கே நேரோட்டமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ற்றாக ஒரு பெரிய கப்பாசிற்றரில் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கலாம். கழற்றிய பின் பத்து நிமிடமாவது விடுங்கள். பிறகு மீற்றரை நேரோட்ட 600 வோல்ற் அல்லது அதற்குக் கூடிய அளவில் வைத்து அந்தக் கப்பாசிற்றரின் இரண்டு காலிலும் பாருங்கள். 5 வோல்ற்றுக்குக் கீழே வந்த பின்தான் கை வைக்கலாம். திருப்புளியால் குறுக்கே தட்டிப் பொறி பறக்கவிடுகிற பழக்கம் சில கடைகளில் உண்டு. அது போட்டையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

இரண்டாவது லேசர். சீடியை வாசிக்கும் லேசர் அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. மூடியைத் திறந்தால் லேசரை நிறுத்த ஒரு சிறு சுவிச் இருக்கிறது. அதைக் குச்சியால் அமத்தி வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் கட்டாயம் வேண்டாம்.

மூன்றாவது இடி மின்னல். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர மழை வரும்போது பிளக்கையும் அம்பிளிபயரையும் கழற்றி வையுங்கள். சுவிச்சை மட்டும் நிப்பாட்டுவது போதாது. திறந்து வைத்த பெட்டியில் அந்த நேரத்தில் வேலை செய்யவும் வேண்டாம்.

முதல் வேலை: கரண்ட்

1. அடிச் சீட்டில் எத்தனை வோல்ற் என்று வாசியுங்கள். லண்டன், பாரிஸ், சுவிஸ், ஜேர்மனியில் இருந்து வந்த பெட்டியில் 220 முதல் 240 வோல்ற் என்று இருக்கும். நேரே கொழுவலாம்.

2. கனடா மாமி கொண்டுவந்தது என்றால் கவனம். அது 120 வோல்ற். யப்பான் பெட்டி 100 வோல்ற். பிளக்குக்கு ஒரு மாற்றி வாங்கிப் பூட்டி 230இல் கொழுவினால், சுவிச்சைப் போட்ட அந்தக் கணத்திலேயே பவர் போட் எரியும். பிளக் மாற்றி துளையின் வடிவத்தை மட்டுந்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. கனடாப் பெட்டிக்கு 230ஐ 110 அல்லது 120 ஆகக் குறைக்கும், 50 வாற்றுக்குக் குறையாத ரான்ஸ்போமர் வாங்குங்கள். யப்பான் பெட்டிக்கு 100 வோல்ற் தருவதையே கேட்டு வாங்குங்கள். பெட்டி எடுப்பது 20 வாற்றுக்கும் குறைவுதான். மின்னியல் மாற்றிகளை விட இரும்புக் கருவுள்ள சாதாரண ரான்ஸ்போமர் சத்தத்துக்கு நல்லது.

3. பிளக்கில் இருக்கும் பியூஸ் 3 அம்பியராக இருக்கட்டும். 13 அம்பியர் பியூஸ் போட்டுவிட்டு மெல்லிய வயரை நம்ப வேண்டாம்.

4. பவர் போட்டில் கப்பாசிற்றரின் தலை ஊதியிருந்தாலோ, அடியில் மண்ணிறமாக ஏதும் கசிந்திருந்தாலோ முதலில் அதை மாற்றுங்கள். அதே மைக்ரோ பரட், அதே அல்லது கூடிய வோல்ற், 105 பாகை வெப்பம் தாங்குவது. சாதாரணமாகக் கிடைக்கும் 85 பாகைச் சாமான் நம்முடைய சித்திரை வெயிலில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே நீண்ட காலம் நிற்காது.

*பிஎஸ் வன்னைப் பற்றரியில் ஓட்டுவது*

12 வோல்ற்றை 7.5 ஆகக் குறைக்க, எல்.எம். 2596 என்ற சிப் உள்ள சிறிய குறைப்புப் போட் போதும். 3 அம்பியர் என்று எழுதியிருப்பார்கள். தொடர்ந்து 2 அம்பியர் எடுக்க வேண்டுமானால் அதன் சிப்பில் ஒரு அலுமினியத் தகடு ஒட்டுங்கள்.

1. பற்றரியின் கூட்டல் முனைக்குக் கிட்டவே 2 அம்பியர் பியூஸ் போடுங்கள்.
2. பிளேஸ்டேசனைக் கொழுவாமல், குறைப்புப் போட்டின் சிறு திருகைத் திருப்பி மீற்றரில் 7.5 வரும் வரை சரிசெய்யுங்கள். சரியாக வந்ததும் திருகின் தலையில் நகப்பூச்சு ஒரு துளி விட்டால் பிறகு அசையாது.
3. பழைய அடப்ரரில் அச்சிட்டிருக்கும் வட்டக் குறியைப் பார்த்து, நடு ஊசி கூட்டலா கழித்தலா என்று உறுதிசெய்யுங்கள். வயரின் நிறத்தை நம்பிக் கொழுவ வேண்டாம்.
4. பிறகே பெட்டியை இணையுங்கள்.

பெட்டி முழுக் கரண்டில் 15 வாற் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 7 அம்பியர் மணிப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்காமல் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் கேட்கலாம். அம்பிளிபயரையும் அதே பற்றரியில் ஓட்டும்போது ஸ்பீக்கரில் கீச்சென்ற மெல்லிய சத்தம் வருவதுண்டு. அது குறைப்புப் போட்டின் இரைச்சல். போட்டைப் பெட்டிக்கு வெளியே ஓடியோ வயரில் இருந்து தள்ளி வையுங்கள். அப்படியும் போகாவிட்டால் அம்பிளிபயருக்கு வேறு பற்றரி.

இரண்டாவது வேலை: லேசர் தலை

இந்தப் பெட்டிகளின் பாதி நோய் இங்கேதான். முதல் மாதிரிகளில் லேசர் தலை சூடாகும் பவர் போட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலை ஓடும் தண்டவாளமும் பிளாஸ்ரிக். சூட்டிலும் தேய்மானத்திலும் தலை மெல்லச் சரிந்து, சீடியைச் சரியாக வாசிக்க முடியாமல் போகும். அந்தக் காலத்தில் பலர் பெட்டியைத் தலைகீழாக வைத்து விளையாடியதற்குக் காரணமும் இதுதான். பிந்திய மாதிரிகளில் சோனி தலையைச் சூட்டில் இருந்து தள்ளி வைத்தது.

வன்னியில் இதற்குமேல் புழுதி வேறு. கிரவல் ரோட்டுக் கரையில் உள்ள வீட்டில் இருந்த பெட்டியைத் திறந்தால், தண்டவாளத்தில் பழைய கிறீசும் சிவப்புப் புழுதியும் குழைந்து களிமண் மாதிரி இறுகியிருக்கும். பஞ்சுக்குச்சி முதல் இழுப்பிலேயே செங்கல் நிறமாக வரும். அந்தக் களி தலையை நடுவழியில் பிடித்து நிறுத்துகிறது. பாட்டு ஒரே இடத்தில் தத்துவதைக் கேட்டுவிட்டு லேசர் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்ட பெட்டிகள் எத்தனையோ. அவற்றில் பலவற்றுக்குத் துடைப்பு மட்டுமே தேவைப்பட்டிருக்கும்.

1. பெட்டியைக் கவிழ்த்து அடி ஆணிகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றிய வரிசையில் ஒரு கடதாசியில் குத்தி வையுங்கள், நீளம் வேறுபடலாம். ஆணிகள் இல்லாமல் அப்படியே நிமிர்த்தி மேல் மூடியை நேர்மேலாகத் தூக்குங்கள்.

2. எதையும் தொடுமுன் ஓர் இரும்புக் கதவுச் சட்டத்தையோ தண்ணீர்க் குழாயையோ தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை விடுங்கள். லேசர் டயோட் நிலைமின்னுக்குச் சாகும்.

3. சீடி பொறியை மெல்லத் தூக்குங்கள். அடியில் தட்டையான நாடா வயரும் சிறு பிளக்கும் இருக்கும். நாடாவை அதன் முனையில் பிடித்து நேராக இழுங்கள். கோணலாக இழுத்தால் கிழியும், கிழிந்த நாடாவை ஒட்ட முடியாது.

4. லென்சில் உள்ள புழுதியைத் தூரிகையால் தட்டி, அல்ககோலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சால் வட்டமாக ஒருமுறை துடையுங்கள். அமத்த வேண்டாம். லென்ஸ் தலைமயிர் போன்ற கம்பிகளில் தொங்குகிறது.

5. தண்டவாளத்தையும் பற்சக்கரங்களையும் சுத்தமாகும் வரை துடையுங்கள். பிறகு கிறீஸ். பற்குச்சி நுனியில் எடுக்கும் அளவு போதும். கூடினால் அடுத்த வருடம் மீண்டும் களிதான்.

6. பற்சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றி, தலை உள்விளிம்பில் இருந்து வெளிவிளிம்பு வரை தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

7. சீடி அமரும் நடுக்குடுமியையும் அதில் உள்ள சிறு பிடிகளையும் துடையுங்கள். அங்கே பிசுக்கு இருந்தால் தட்டு ஆடும்.

போட்டில் சிறிய திருகு றெசிஸ்ரர்கள் தெரிந்தால் அவற்றைத் திருப்பிப் பார்க்கும் ஆசை வரும். கை வைக்க வேண்டாம். தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரிசெய்தவை அவை. ஒருமுறை திருப்பினால் பழைய இடத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். தலையில் உள்ள திருகைத் திருப்பி லேசரைக் கூட்டிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், சில கிழமை பாடிவிட்டு ஒரேயடியாகச் சாகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

துடைத்த பிறகும் தத்தினால் தலையை மாற்றத்தான் வேண்டும். கே.எஸ்.எம். 440 என்ற வரிசையில் பல உட்பிரிவுகள் உண்டு. பழையதைக் கையில் கொண்டுபோய், நாடா இணையும் இடமும் ஆணித் துளைகளும் ஒத்துவருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில புதிய தலைகளில் நிலைமின்னில் இருந்து காக்க ஒரு ஈயத் துளி ஒட்டியிருப்பார்கள். பூட்டிய பின் அதை நீக்காவிட்டால் தலை வேலை செய்யாது. புதியதும் பழுது என்று திருப்பிக் கொடுக்குமுன் அதைப் பாருங்கள்.

மூன்றாவது வேலை: சத்தம்

இப்போது பெட்டியைப் பூட்டி, இருக்கிற ஆர்.சி.ஏ. அல்லது ஏ.வி. துளையில் இருந்தே சில நாள் பாட்டுக் கேளுங்கள். பலருக்கு இதுவே போதுமாக இருக்கும். பிஎஸ் வன் வைத்திருப்பவர்களும் பிந்திய சாம்பல் பெட்டி வைத்திருப்பவர்களும் இங்கேயே நிறுத்துங்கள் என்பது என் ஆலோசனை.

முதல் தலைமுறைப் பெட்டி உள்ளவர்களுக்கு ஒரு படி மேலே போக இடமுண்டு. அதன் போட்டில் அசாஹி கசேய் நிறுவனத்தின் ஏ.கே. 4309 என்ற சிப் இருக்கிறது. சீடியின் எண்களை ஒலி அலையாக மாற்றுவது அதுதான். அதில் இருந்து கிளம்பும் சத்தம் இன்னொரு பெருக்கிச் சிப், பழைய கப்பாசிற்றர்கள், போடும்போதும் நிப்பாட்டும்போதும் சத்தத்தை அடக்கும் மௌனச் சுற்று எல்லாவற்றையும் கடந்துதான் பின்பக்கத் துளைக்கு வருகிறது. அந்த வழியைத் தவிர்த்து நேரே எடுப்பதே நேரடி வெளியீடு. பாடகரின் குரலும் நாதஸ்வரமும் இன்னும் திறந்து கேட்கும். இருக்கிற வழியை வெட்டாமல், பக்கத்தில் ஒரு கிளை எடுக்கச் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

1. கரண்ட் இல்லாத நிலையில், மீற்றரைத் தொடர்ச்சி ஒலி நிலையில் வையுங்கள். வெள்ளைத் துளையின் நடு ஊசியில் இருந்து பின்னோக்கிப் போங்கள்: றெசிஸ்ரர், கப்பாசிற்றர், பெருக்கிச் சிப், அதற்கும் பின்னால் ஏ.கே. 4309. வழியை ஒரு கடதாசியில் கீறிக்கொள்ளுங்கள். சிவப்புக்கும் அப்படியே.

2. அந்தச் சிப்பின் தரவுத்தாளில் இடது, வலது வெளியீட்டுக் கால்களைப் பார்த்து, நீங்கள் கீறிய வழியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவராமல் அயனைச் சூடாக்க வேண்டாம்.

3. சிப்பின் காலில் நேரே ஒட்ட வேண்டாம். கால்களுக்கு இடையில் ஒரு மில்லிமீற்றர் கூட இல்லை. அந்தக் காலோடு நேரே இணைந்த அடுத்த சாமானின் ஈயப் புள்ளியில் ஒட்டுங்கள்.

4. அங்கிருந்து 220 ஓம் றெசிஸ்ரர், அதன் பின் 2.2 மைக்ரோ பரட் பிலிம் கப்பாசிற்றர், அதன் பின் ஓடியோ வயர். கப்பாசிற்றரின் வெளிமுனைக்கும் தரைக்கும் இடையில் 100 கிலோ ஓம். வயரின் கவசத்தைச் சிப்புக்குக் கிட்டவுள்ள தரையில் ஒட்டுங்கள்.

5. வயரைப் பவர் போட்டில் இருந்து விலக்கி, உடலின் மறுகரையால் கொண்டுபோய், புதிதாகத் துளைத்த இரண்டு ஆர்.சி.ஏ. துளைகளில் முடியுங்கள். துளையிடும்போது மூடியைத் தனியே எடுத்து வைத்துத் துளையுங்கள். உலோகத் தூள் போட்டில் விழுந்தால் பெரிய நட்டம்.

கப்பாசிற்றரை விட்டுவிட்டு வயரை நேரே ஒட்டுவது மிகப் பெரிய பிழை. சிப்பின் வெளியீட்டில் பாட்டோடு சேர்ந்து நேரோட்ட வோல்ற்றும் நிற்கிறது. அது அம்பிளிபயருக்குள் போனால் ஸ்பீக்கரின் சுருளைச் சூடாக்கும். ஆகவே அம்பிளிபயரை இணைக்குமுன் பெட்டியை மூடி, கரண்டைப் போட்டு, புதிய துளைகளில் நேரோட்டம் அளவிடுங்கள். சிறிது நேரத்தில் சுழியத்துக்குக் கிட்ட வர வேண்டும். வராவிட்டால் கப்பாசிற்றரையோ 100 கிலோ ஓம் றெசிஸ்ரரையோ பிழையான இடத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்.

2.2 மைக்ரோ பரட் ஏன் என்றால், அம்பிளிபயரின் உள்ளெதிர்ப்பு 10 கிலோ ஓம் ஆக இருந்தாலும் 7 ஹேர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலி போகும். தவிலின் அடிக்கு அது தாராளம். அதைவிடப் பெரியது வாங்கிக் காசைக் கரைக்கத் தேவையில்லை.

பாவிக்கும் முறை

முதல் தடவை ஒரு ரிவியில் கொழுவிப் பாருங்கள். சீடி பிளேயர் திரையில் எந்த அழுத்தி பாட்டைத் தொடங்குகிறது, எது அடுத்த பாட்டுக்குப் போகிறது என்று கைப்பிடியில் பழகிக்கொண்டால், பிறகு ரிவி இல்லாமலே பாவிக்கலாம். அழுத்திகளின் வரிசையை எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். வீட்டில் மற்றவர்களும் பாவிப்பார்கள்.

பாட்டு சீடி மட்டுமே பாடும். எம்பி3 போட்ட தட்டு பாடாது. கொம்பியூட்டரில் நீங்களே எழுதும் சீடியை ஓடியோ சீடி என்ற முறையில், குறைந்த வேகத்தில் எழுதுங்கள். தேய்ந்த தலைக்கு வேகமாக எழுதிய தட்டை வாசிப்பது கடினம். தட்டைத் துடைக்கும்போது நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், சுற்றித் துடைக்க வேண்டாம்.

பெட்டியின் பக்கத் துவாரங்களை மறைக்காமல், கீழேயும் சிறிது இடைவெளி விட்டு வையுங்கள். பாடாத நேரத்தில் மெல்லிய துணியால் மூடுங்கள், பாடும்போது துணியை எடுத்துவிடுங்கள். எறும்பு இந்தப் பெட்டிகளுக்குள் ஆசையோடு குடியேறும். வருடத்தில் ஒருமுறை, மாரி தொடங்குமுன் திறந்து பாருங்கள்.

நேரடி வெளியீடு செய்த பெட்டியில் மௌனச் சுற்று வேலை செய்யாது. ஆகவே போடும்போது முதலில் பிளேஸ்டேசன், சற்றுப் பொறுத்து அம்பிளிபயர். நிப்பாட்டும்போது முதலில் அம்பிளிபயர், பிறகு பிளேஸ்டேசன். இந்த வரிசை மாறினால் ஸ்பீக்கரில் டொப் என்று ஒரு பலத்த அடி விழும்.